இடப்பக்கம் சாய்ந்த முள்

நாகர்கோவில் போகும் வழியில் அந்த ராட்சச விசிறிகள் வரிசையாக நிற்குமே, அங்கே என் மருமகள் தவறாமல் காரை நிறுத்துவாள். "என்ன அழகு பாருங்க அத்தை" என்று படம் எடுப்பாள். எனக்கு அழகெல்லாம் தெரிவதில்லை. இறங்கி, முந்தானையைக் கையில் பிடித்து நீட்டி, காற்று அடிக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். அடித்தால்தான் மனசு ஆறும். கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அவள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். நீங்கள் என் வயசுக்காரர்கள். பெரியவர்கள் சொன்னதுதான் கணக்கு, பிள்ளைகள் கண்ணால் பார்த்தது கணக்கில்லை என்கிற காலத்தில் வளர்ந்தவர்கள். உங்களுக்குச் சொன்னால் புரியும்.

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். திருவொற்றியூரில் கடலுக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. மின்சாரக் கம்பி தெருமுனை வரை வந்து, அதற்கு மேல் வர மனமில்லாமல் நின்றுவிட்டது. இரண்டு பர்லாங் தள்ளி கம்பெனிகளில் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரியும். நாங்கள் சாம்பலைத் தொட்டு அரிக்கேன் கண்ணாடி துடைத்துக்கொண்டிருப்போம்.

அப்பா ஒரு கம்பெனியில் டைம் கீப்பர். யார் எத்தனை நிமிஷம் தாமதமாக வந்தார்கள், யாருடைய அட்டையில் யார் கை வைத்துத் திருத்தினார்கள் என்று பிடிப்பதுதான் அவருக்கு வேலை. வீட்டிலும் அப்படித்தான். எழுதியதை அடித்தால் அவருக்குப் பிடிக்காது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரும்பை எப்படி வேண்டுமானாலும் வளைப்பார். மின்சாரம் அவருக்குப் பாதி தெரியும். பாதி தெரிந்தவர்களிடம் மாட்டிக்கொண்டு விழித்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும்.

அந்த வருஷம் பங்குனியில் மாமா ஒரு மிலிட்டரி லாரியின் டைனமோவைக் கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்தார். துறைமுகத்தில் கப்பல் சரக்குக்கு நடுவே சொருகும் பலகை ஒன்றை வாங்கி, முற்றத்தில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து நாள் செதுக்கி இரண்டு இறக்கைகள் செய்தார். வீடெல்லாம் பைன் மர வாசனை, சாம்பாரில் கூட மரத்தூள். கொல்லையில் நான்கு சவுக்குக் கழிகளைச் சேர்த்துக் கட்டி, அதன் உச்சியில் டைனமோவையும் சைக்கிள் பல்சக்கரத்தையும் விசிறியையும் ஏற்றினார். கீழே சமையலறைச் சுவரோரம் ஒரு பழைய பெட்டியில் லாரி பேட்டரி. சுவரில் அடித்த பலகையில் ஒரு மீட்டர். கைக்கடிகாரத்தை விடக் கொஞ்சம் பெரிசு, கண்ணாடியில் ஒரு விரிசல். நட்டநடுவில் பூஜ்யம்.

"முள்ளு சோத்தாங்கை பக்கம் போனா கரண்ட் பெட்டிக்குள்ள வருது. பீச்சாங்கை பக்கம் போனா பெட்டிலேந்து வெளிய போவுது. அவ்ளோதான் விஷயம்" என்றார் மாமா.

முதல் நாள் சாயங்காலம் சமையலறையில் லாரி பல்ப் எரிந்தபோது அம்மா சந்தோஷத்தில் நின்றாள். அடுத்த நிமிஷமே, "அய்ய, இத்தினி கரப்பானா நம்ம வூட்ல" என்று துடைப்பத்தை எடுத்தாள். அவ்வளவு வெளிச்சம்.

இங்கேதான் நான் வருகிறேன். ஐந்தாவது முடித்திருந்தேன். எங்கள் தெருவில் பெண்பிள்ளைகள் ஐந்தாவதோடு சரி. ஆனால் என் டீச்சரம்மா வீடு தேடி வந்து, இவளை ராயபுரத்தில் ஹைஸ்கூலில் சேர்த்துவிடுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அப்பா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. விசிறி ஏறிய மறுநாள் கம்பெனியிலிருந்து ஒரு நீள நோட்டு கொண்டுவந்து, கட்டம் போட்டு, என் முன்னால் வைத்தார்.

"காலைல ஆறுலேந்து சாயங்காலம் ஆறு வரைக்கும், அரை மணிக்கு ஒருவாட்டி முள்ளைப் பார்த்து எழுதணும். வலப்பக்கம்னா கூட்டல் குறி. இடப்பக்கம்னா கழித்தல் குறி. மையிலதான் எழுதணும், அடிக்கக் கூடாது. ஒரு கட்டம் காலியா இருக்கக் கூடாது. லீவு முழுக்க ஒழுங்கா எழுதினா, பொறுப்பு இருக்குன்னு நினைச்சு ஸ்கூலுக்கு ஃபாரம் வாங்கறேன். இல்லைன்னா உங்கம்மாவோட அப்பளம் இடு."

அவ்வளவுதான், என் கோடை விடுமுறை போயிற்று. மற்ற பெண்கள் கடலோரம் கிளிஞ்சல் பொறுக்கப் போனார்கள், தேரடிக்குப் போனார்கள், நான் பேட்டரிப் பெட்டி பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்திருந்தேன். திராவகம் பட்டு என் மஞ்சள் பாவாடையில் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஒன்றுக்குப் போவதென்றால்கூட மணி பார்த்துப் போக வேண்டும். எங்கள் வீட்டு அலாரம் கடிகாரம் அடிப்பதை நிறுத்தி வருஷம் ஆகியிருந்ததால் அதையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவையும் நான் முகம் சுளிக்காமல் செய்தேன் ஐயா. எனக்கு ஸ்கூல் வேண்டும். அப்பளம் வேண்டாம்.

நம் கடற்கரைச் சித்திரை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். விடியலில் மேற்கிலிருந்து லேசாக ஒரு காற்று வரும். எட்டு, ஒன்பது மணிக்கு அது செத்துவிடும். பிறகு பன்னிரண்டு மணி வரை இலை அசையாது. அதற்கப்புறம் கடல்காற்று வந்து சாயங்காலம் வரை வெளுத்துவாங்கும். என் நோட்டும் அப்படியே சொன்னது. காலையில் கூட்டல் ஒன்று. பத்து, பதினொன்றுக்கு விசிறி நின்றுவிடும், பூஜ்யம். மத்தியானம் கூட்டல் நாலு, ஐந்து, ஆறு.

தெருக்காரர்களுக்கு அந்தப் பூஜ்யம் போதுமே. ஞாயிற்றுக்கிழமை மாமா வாசலில் நின்றால், "இன்னா நைனா, உன் காத்தாடி லீவா? ரயில்வேல ஞாயித்துக்கெயம லீவு வுட்டா அதுவும் லீவு போட்டுக்கினு கீதா?" என்பார்கள். மாமா சிரிப்பார். உள்ளே வந்து சிரிக்க மாட்டார்.

டைனமோவோடு சின்ன டப்பா ஒன்று வந்திருந்தது. கட்-அவுட் என்பார் மாமா. காற்று குறையும்போது அது டிக்கென்று சத்தம் போட்டு பேட்டரியையும் டைனமோவையும் பிரித்துவிடும். ஒரு ஞாயிறு காலை மாமா அதன் முன்னால் குந்தி வெகுநேரம் பார்த்தார். விசிறி மெதுவாகச் சுற்றுகிறது, டப்பா சேரமாட்டேன் என்கிறது, முள் பூஜ்யத்தில் நிற்கிறது. "இதான் அல்லா கரண்டையும் கட் பண்ணிக்கினே கீது. சனியன்" என்று சொல்லி, டப்பாவின் இரண்டு திருகாணிகளுக்கும் நடுவே ஒரு செம்புக் கம்பியை முறுக்கி இணைத்தார். டப்பா வாயை அடைத்தாயிற்று.

அன்றிலிருந்து விசிறி நிற்கவே இல்லை. தெருவின் வாயும் அடைத்துப்போயிற்று. காலை பதினொரு மணிக்கு, கம்பெனிப் புகை கோடு கிழித்ததுபோல் நேராக மேலே போகும்போதும், எங்கள் விசிறி மட்டும் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜனங்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

எனக்குத்தான் பிடித்தது சனி. முள் பூஜ்யத்தில் இல்லை. இடப்பக்கம் சாய்ந்து கிடந்தது. பகலில் விளக்கே இல்லை, ஆனால் கழித்தல் மூன்று, கழித்தல் நாலு. கண்டதை எழுதினேன். பக்கம் பக்கமாகக் கழித்தல்.

அடுத்த ஞாயிறு மாமாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். மாமா மீட்டர் கண்ணாடியை நகத்தால் தட்டினார். தட்டினார், தட்டினார், தட்டிக்கொண்டே நின்றார். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கடல்காற்று வந்துவிட்டது. முள் தானாக எழுந்து வலப்பக்கம் போயிற்று.

"பாத்தியா? முள்ளு ஒட்டிக்கினு பேஜார் பண்ணுது. தட்டிட்டு அப்பால பாக்கணும்."

அப்பாவும் ஆமோதித்தார். கம்பெனியில் கடிகாரத்தையும் அவர்கள் தட்டித்தான் பார்ப்பார்களாம். நானும் தட்டினேன். நகக்கண் வலிக்கும் வரை தட்டினேன். காற்று இல்லாத வேளையில் அந்த முள் இடப்பக்கம்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்.

இதற்கு நடுவே பேட்டரி படுத்துக்கொண்டே போனது. விளக்கு வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி, கரப்பான்கள் மறுபடி தைரியமாக நடமாடின. மாமா வாரம் ஒருமுறை பேட்டரியைக் கோணியில் மறைத்து சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு போய், கடையில் சார்ஜ் போட்டுக் கொண்டுவந்தார். மின்சாரம் செய்கிற வீட்டிலிருந்து மின்சாரம் போடக் கடைக்குப் போகிறார் மனுஷன். "பெட்டி பழசு, கெயமாயிடுச்சி" என்றார் கேட்டதற்கு. அந்தக் கொடுமையை அந்த வீட்டில் யாருமே கொடுமையாக நினைக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

தினமும் பதினொரு மணிவாக்கில், விற்று முடித்த கூடையோடு ஒரு மீன்காரம்மா கொல்லை வழியாக வந்து தண்ணீர் வாங்கிக் குடிப்பார். ஒருநாள் செம்பைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார்.

"காத்து ஒரு பொட்டு கூட இல்ல. என் தலப்பு கூட ஆடல. இது மட்டும் இன்னாத்துக்குமா சுத்துது? மேல எவனாவது குந்திக்கினு சுத்தறானா?"

எனக்குச் சுருக்கென்றது. யார் சுற்றுகிறார்கள்? எழுந்து போய் பேட்டரியிலிருந்து ஒயரைக் கழற்றினேன். விசிறி தளர்ந்து தளர்ந்து நின்றேவிட்டது. திரும்ப மாட்டினேன். மெல்ல அசைந்து, சுற்ற ஆரம்பித்தது. இன்னொரு தடவை செய்தேன். அதே கதை.

"அட, பொட்டி தான் அத்த சுத்துது" என்றார் மீன்காரம்மா. செம்பைக் கீழே வைத்துவிட்டு, "உங்க மாமங்கிட்ட சொல்லு. நல்லா கீது இவுரு வேல" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். அரை நிமிஷத்தில் புரிந்துகொண்டார்.

சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மாமா சைக்கிளை நிறுத்துவதற்குள் சொல்லிவிட்டேன். அவர் என்னோடு கொல்லைக்கு வந்தார். அப்போது கடல்காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கிறது. ஒயரைக் கழற்றினார். விசிறி நிற்கவில்லை. முன்னைவிட வேகமாகச் சுற்றியது.

"எங்கமா நின்ச்சி?"

"இப்பக் காத்து அடிக்குது மாமா. பதினோரு மணிக்குப் பாருங்க, நிக்கும்."

"பதினோரு மணிக்கு நான் இங்க இருந்தா ஒர்க்‌ஷாப்ல உன் தாத்தா வந்து வேல செய்வாரா? பெட்டிய ரொப்பறதுக்கு விசிறி. விசிறிய சுத்தறதுக்கு பெட்டியா? மீன்காரம்மா சொல்லிச்சாம், இது கேட்டுக்கினு வந்துச்சாம்." சிரித்தார். கோபமே இல்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது, ஒயரைத் தொட்டதற்கு. "உன்னை எழுதச் சொன்னேன். ஆராய்ச்சி பண்ணச் சொல்லலை" என்றார். தினமும் நோட்டின் அடியில் கையெழுத்துப் போட்டவர் அவர். எந்தக் கட்டமாவது காலியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். மாமா வீட்டில் இருப்பார், பதினொரு மணிக்குக் காட்டிவிடலாம் என்று. அந்த ஞாயிறு அவர் காலையிலேயே ராயபுரம் போய், மோட்டார் சாமான் கடை வைத்திருந்த ஒரு முதலாளியைக் குதிரை வண்டியில் அழைத்துவந்தார். தெற்குச் சீமைக்காரர், வெள்ளை ஜிப்பா. வண்டி வந்து நின்றபோது மணி சரியாகப் பதினொன்று.

முதலாளி கொல்லையில் நின்று தென்னை மட்டையைப் பார்த்தார். அசையவில்லை. விசிறியைப் பார்த்தார். சுற்றுகிறது.

"காத்தே இல்லாம ஓடுதே வே. அப்போ காத்தடிச்சா என்ன ஓட்டம் ஓடும்" என்று மாமாவின் முதுகில் தட்டினார். கம்பி போகாத குப்பங்களுக்கும் உப்பளங்களுக்கும் இதைச் செய்து விற்கலாம், முதலில் ஆறு செய்வோம் என்றார். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் இதிலேயே இருக்க முடியுமா என்று கேட்டார். மாமாவுக்கு வாயெல்லாம் பல்.

நான் மீட்டர் பக்கத்தில் நின்றிருந்தேன். முள் கழித்தல் நாலில் இருந்தது. "ஐயா, இந்த முள்ளை" என்று ஆரம்பித்தேன். அம்மா என் தொடையில் கிள்ளிய கிள்ளு கன்றிப்போய் நாலு நாள் இருந்தது.

"எவ்வளவு கரண்டு வருதுன்னு எழுத்துல வச்சிருக்கியளா?" என்று முதலாளி கேட்டார்.

"அரை மணிக்கு ஒருவாட்டி எழுதியிருக்கு. என் பொண்ணு எழுதறா" என்றார் அப்பா, பெருமையாக. உள்ளே போய் நோட்டைப் பிரித்தார். நான் வாசல்படியிலிருந்து அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் திருப்பினார். இன்னொரு பக்கம் திருப்பினார். வெளியே வந்து, "ரெண்டு நாள்ல கொடுத்தனுப்பறேன், கொஞ்சம் சரிபார்க்கணும்" என்றார்.

வண்டி போன பிறகு என்னைக் கூப்பிட்டார். அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. "விசிறி சுத்துது, ஊரே பார்க்குது. நீ கழித்தல்னு எழுதி வச்சிருக்கே. ஒரு முள்ளைப் பார்த்து எழுதத் தெரியாதவளை ஹைஸ்கூல்ல சேர்த்து என்ன பண்றது?" என்றார். நோட்டை என் மடியில் போட்டார். "புதன்கிழமைக்குள்ள சரி பண்ணி வை."

எப்படிச் சரி பண்ண? அடிக்கக் கூடாது என்றவரும் அவர்தான். சமையலறையில் போய் உட்கார்ந்தேன். அம்மா உளுந்தம் மாவைப் பிசைந்துகொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "அவங்க இன்னா கேக்கறாங்களோ அத்த எழுதிக் குடுத்துட்டு ஸ்கூலுக்குப் போ. இல்ல, நாளைலேந்து இங்க குந்து. நான் உன் வயசுல குந்துனவ தான்."

அம்மா என் பக்கமா, அவர்கள் பக்கமா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என் பக்கம்தான். அவளுக்குத் தெரிந்த வழி அது.

கழித்தல் குறியை அடிக்க வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியாததா? குறுக்கே ஒரு கோடு இழுத்தால் கூட்டல். செவ்வாய் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து இழுத்தேன். முதல் பத்துக் கோட்டை யோசித்து யோசித்து இழுத்தேன். அப்புறம் பழகிவிட்டது. அது எவ்வளவு சீக்கிரம் பழகியது என்பதை நினைத்தால் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை அப்பா நோட்டை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தார். அந்தக் காலத்து ப்ளூ-பிளாக் மை ஞாபகம் இருக்கிறதா? எழுதும்போது நீலம், நாளானால் கறுப்பு. படுத்த கோடெல்லாம் கறுப்பு, நின்ற கோடெல்லாம் நீலம். அட்டையில் ஒரு புள்ளி திருத்தினால் பிடிக்கிற மனுஷர். ஒரு பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு மூடினார்.

"இப்ப சரியா இருக்கு" என்றார். நோட்டை முதலாளிக்குக் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் கம்பெனியிலிருந்து வரும்போது ஸ்கூல் ஃபாரம் வாங்கி வந்தார்.

நான் ஹைஸ்கூலுக்குப் போனேன். மாமா ரயில்வே வேலையை ராஜினாமா செய்தார். ஆறு விசிறிகள் செய்தார், ஆறிலும் அந்த டப்பாவின் வாயைச் செம்புக் கம்பியால் அடைத்தார். ஆறும் காற்றில்லாமலே அழகாகச் சுற்றின. இரண்டு மாதத்துக்குள் ஆறு பேட்டரியும் செத்தன. குப்பத்துக்காரர்கள் விசிறிகளைக் கழற்றிக் கொண்டுவந்து கடை வாசலில் போட்டார்கள். முதலாளி கையை உதறிக்கொண்டார். மாமா திரும்பப் பெரம்பூருக்குப் போய்க் கேட்டுப் பார்த்தார். ராஜினாமா செய்தவருக்குத் திரும்ப வேலை இல்லை என்றார்கள். தேரடிப் பக்கம் ஒரு சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவர், கடைசிவரை அங்கேதான் இருந்தார்.

நாலைந்து வருஷம் கழித்து, அதே ஹைஸ்கூலில், சயன்ஸ் டீச்சர் கரும்பலகையில் டைனமோ படம் போட்டு, வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் இதுவே மோட்டாராகச் சுற்றும் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்குத்தான் பத்து வயசிலேயே தெரியுமே. எழுதியும் வைத்திருந்தேனே. மாமாவிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அடுத்த வாரம் என்றேன், பரீட்சை முடியட்டும் என்றேன். சொல்லவில்லை.

பிறகு எனக்கே சயன்ஸ் டீச்சர் வேலை கிடைத்தது. இனிப்பு வாங்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். மாமா கை முழுக்கக் கறுப்பு மை போல் எண்ணெய். துடைத்துவிட்டு இனிப்பை வாங்கிக்கொண்டார். பஞ்சர் ஒட்டக் காத்திருந்த ஆளிடம் என்னைக் காட்டினார்.

"எங்க அக்கா பொண்ணு. வாத்திச்சி ஆயிடுச்சி. சின்னதுலியே முள்ளு இன்னா காட்டுதோ அப்பிடியே எழுதும். என் மிஷின்ல தான் எங்கியோ தப்பு. அது நோட்டுல ஒரு தப்பு கெடயாது."

அந்த ஆள் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தார். மாமா இனிப்பில் பாதியைப் பிட்டு அவருக்குக் கொடுத்தார்.